முதல் நோயாளிக்குப் பொன்னாடை

மருத்துவமனையில் வேலை செய்கிறேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி "டாக்டரா?" என்பது. இல்லை என்றால் "நர்ஸா?" அதுவும் இல்லை என்றால் கேட்டவர் முகத்தில் என்மேல் ஒரு பரிதாபம் வந்து உட்காரும், பேச்சு மழையின் பக்கம் திரும்பிவிடும். மருத்துவ இயற்பியலாளர் என்று தமிழில் சொன்னால் ஒருவருக்கும் புரியாது. பிசிசிஸ்ட் என்று சொன்னால் தப்பாகப் புரியும். கொடைக்கானலில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூட்டுவலிக்காரர்கள் என்னைப் பிசியோ என்று நினைத்துக்கொண்டு என் அறைக்கு வந்து, வேட்டியை முழங்காலுக்கு மேலே ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் காலைத் தொட்டே பார்க்கவில்லை என்று ஒரு அம்மாள் நிர்வாகத்திடம் புகார்கூடக் கொடுத்தார்.

வெளியாட்களைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் வீட்டிலேயே இதே நிலைமைதான். பழனி அடிவாரத்தில் எங்களுக்குப் பூஜைச் சாமான் கடை. விபூதி, சந்தனம், காவி வேட்டி, பாத யாத்திரைக்காரர்களுக்குக் கால்வலித் தைலம். நான் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து, அதற்குமேல் கதிர்வீச்சைப் பற்றித் தனியாக ஒரு படிப்புப் படித்து, பெரிய மருத்துவமனை ஒன்றில் பயிற்சியும் முடித்துவிட்டு வந்து நின்றபோது அப்பா கேட்டார்.

"இம்புட்டுப் படிச்சிட்டு ஆஸ்பத்திரியில உனக்கு என்ன சோலி?"

சொன்னேன். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுப்பார்கள். எவ்வளவு கொடுப்பது என்று டாக்டர் எழுதுவார். எழுதிய அளவுதான் மெஷினிலிருந்து வருகிறதா, குறி வைத்த இடத்தில்தான் விழுகிறதா, பக்கத்தில் இருக்கிற நல்ல உறுப்பு தப்பிக்கிறதா என்று பார்ப்பது என் வேலை.

அப்பா தலையாட்டினார். "அப்ப தராசுக்கு முத்திரை போட வர்ற ஆபீசர் மாதிரின்னு சொல்லு."

நான் படித்த பாடப்புத்தகம் எதிலும் இவ்வளவு சரியான விளக்கம் இல்லை. ஆனால் அவர் அத்தோடு விடவில்லை. "அந்த ஆபீசர் வந்தா நாங்க பயப்படுவோம். உனக்கு யாரு பயப்படுவா?"

யாரும் பயப்படுவதில்லை என்பதைத் தொழிலுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே தெரிந்துகொண்டேன். நம் நாட்டில் என் தொழில் வளர்ந்த விதம் அப்படி. பிசிசிஸ்ட் இல்லாத இடத்தில் கதிர்வீச்சு மெஷினுக்கு அனுமதி கிடையாது என்பது சட்டம். ஆகவே மெஷின் வாங்குகிறவர்கள் கூடவே ஒரு பிசிசிஸ்டையும் வாங்குகிறார்கள், குக்கரோடு வருகிற கேஸ்கட் மாதிரி. படித்து முடித்த மறுமாதமே முன்பின் தெரியாத ஒருவர் போனில் வந்தார். "நீங்க வரவே வேண்டாம் மேடம். உங்க சர்டிபிகேட் மட்டும் எங்ககிட்ட இருந்தாப் போதும். மாசாமாசம் ஒரு தொகை வீட்டுக்கே வந்துரும்." நோயாளிகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் நடந்துக்கிட்டுத்தான் இருக்கு" என்றார். தொழில் வளர்கிறது என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தச் சர்டிபிகேட்டுகளையும் சேர்த்துத்தான் எண்ணுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

கொடைக்கானல் மருத்துவமனையில் சர்டிபிகேட்டோடு ஆளையும் சேர்த்தே கேட்டார்கள். அதனால் போனேன்.

அதன் சேர்மன் திண்டுக்கல் பக்கத்துக்காரர். கொடைக்கானலில் இரண்டு ரிசார்ட் வைத்திருந்தார். இரண்டுக்கும் நடுவே கிடந்த சரிவில் மருத்துவமனை கட்டினார். மதுரையிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிற மெஷினை மலைமேல் கொண்டுவந்து வைப்பானேன் என்று நேர்முகத் தேர்வில் நானே கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"கொடைக்கு வந்தா மனசு லேசாகும். மனசு லேசானா பாதி நோய் போயிரும். மீதிப் பாதிக்குத்தாம்மா மெஷினு."

கூட வருகிற உறவினர்கள் எங்கே தங்குவார்கள் என்று நான் கேட்கவில்லை. மருத்துவமனை வாசலில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் அவருடைய ரிசார்ட் போர்டுதான் தெரிந்தது.

விளம்பரத் தாளில் 'மேகங்களுக்கு மேலே புற்றுநோய் சிகிச்சை' என்று அச்சடித்திருந்தார். அதைப் படித்துவிட்டு எங்கள் நர்சிங் சூப்பிரண்டெண்ட் மட்டும் வாய் திறந்தார். மூன்று தலைமுறையாக மிஷன் ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்த குடும்பம் அவருடையது, கொடைக்கானலிலேயே பிறந்து வளர்ந்தவர், யாருக்கும் பயப்படாதவர். எல்லோருக்கும் அவர் சிஸ்டர்.

"அபவ் த க்ளவுட்ஸ்னு போட்டா பேஷண்ட் ஹெவனுக்குப் போறோம்னு நெனச்சுக்குவாங்க சார்" என்றார்.

சேர்மன் சிரித்தார். தாளை மாற்றவில்லை. கட்டுக்கட்டாக அச்சாகி வந்துவிட்டதாம்.

மெஷின் வத்தலக்குண்டு வழியாக லாரியில் பெட்டி பெட்டியாக ஏறி வந்தது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் லாரி முன்னும் பின்னும் போய்த் திரும்புவதற்குள் சுற்றுலாக்காரர்களின் கார்கள் மைல் கணக்கில் நின்றன. இறங்கி அதன் முன்னால் நின்று செல்பி எடுத்துக்கொண்டார்கள். பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்ட ஒருவரிடம் டிரைவர், "கேன்சர்" என்று சொல்லியிருக்கிறார். அதன்பிறகு வழி தாராளமாகக் கிடைத்ததாம்.

மெஷினைப் பொருத்தி முடித்ததும் என் வேலை ஆரம்பமானது. புது மெஷினை நேராக மனிதர்கள்மேல் திருப்பக் கூடாது. பெரிய தண்ணீர்த் தொட்டியை அதன் அடியில் வைத்து, கதிர் எவ்வளவு ஆழத்துக்கு எவ்வளவு போகிறது என்று வாரக்கணக்கில் அளக்க வேண்டும். அளக்கிற கருவியின் நுனியில் விரல் நகம் அளவுக்கு ஒரு சின்னக் குமிழ் உண்டு. அதற்குள் வெறும் காற்று. கதிர் அந்தக் காற்றில் பட்டு உண்டாக்குகிற மின்சாரத்தைத்தான் கருவி எண்ணாகக் காட்டும். காற்று மெலிந்த இடத்தில் எண்ணும் குறையும். கொடைக்கானலில் காற்று மெலிவு. மேலே ஏறும்போது காது அடைத்துக்கொள்கிற எல்லோருக்கும் அது தெரியும். அதனால் அன்றைக்கு அந்த அறையில் காற்றழுத்தம் எவ்வளவு என்று அளந்து கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும். என்னிடம் அதற்கு ஒரு காற்றழுத்தமானி இருந்தது.

மெஷின் கம்பெனியிலிருந்து வந்த எஞ்சினியர் சென்னைக்காரர். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் மப்ளர். என் காற்றழுத்தமானியைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்.

"மேடம், உங்க மீட்டர் ரிப்பேர். இவ்ளோ கம்மியா நான் சென்னைல பார்த்ததே இல்ல."

"இது சென்னை இல்லையே."

"போன்ல பாருங்க. கொடைக்கானல்னுதான் இருக்கு. நார்மலாக் காட்டுது."

போனில் வருவது வானிலைக்காரர்கள் எழுதுகிற எண். எல்லா ஊரையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, மலைமேல் இருக்கிற ஊரையும் கடல் மட்டத்துக்கு இறக்கிக் கணக்கிட்டுப் போடுவார்கள். மழை வருமா என்று பார்க்க அது போதும். அதை நம்பி என் கணக்கில் போட்டால், மெஷின் கால் பங்கு குறைவாகக் கொடுப்பதுபோலத் தெரியும். குறைகிறதே என்று மெஷினைக் கூட்டி வைப்பார்கள். படுத்திருக்கிற ஆளுக்குக் கால் பங்கு கூடுதலாகப் போகும். புண்ணாகும், குடல் வேகும், இன்னும் என்னென்னவோ ஆகும். நோயின் கொடுமை என்று சொல்லி அனுப்பிவைப்பார்கள்.

இதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேன்டீனுக்குப் போய் ஒரு சிப்ஸ் பாக்கெட் வாங்கி வந்தேன். கீழே இருந்து வருகிற எல்லாப் பாக்கெட்டையும் போல அதுவும் தலையணை மாதிரி உப்பிக்கொண்டிருந்தது.

"வத்தலக்குண்டுல இது இப்படியா இருந்திருக்கும்? வெளியில அழுத்தம் கம்மியானதாலதானே உப்பியிருக்கு?"

அவர் பாக்கெட்டை அமுக்கிப் பார்த்தார். "இவங்க பேக்கிங்ல காத்தை நிறைய அடைச்சிருப்பாங்க மேடம்" என்றார். பிறகு அதைப் பிரித்துச் சாப்பிட்டார்.

வெளி ஆய்வகம் ஒன்றுக்கு எழுதினேன். அவர்கள் சின்னச் சின்னப் படிகங்களைத் தபாலில் அனுப்புவார்கள்; நாம் அதன்மேல் கதிர் காட்டித் திருப்பி அனுப்பினால், எவ்வளவு பட்டிருக்கிறது என்று அவர்கள் தனியாக அளந்து சொல்வார்கள். பதில் வரும்வரை ஒரு நோயாளியையும் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். எஞ்சினியர் அவர் பங்குக்குச் சேர்மனிடம் போய், மெஷின் தயார், மேடம்தான் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார் என்று சொல்லிவிட்டார்.

சேர்மன் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏம்மா, வர்ற வெள்ளிக்கிழம முகூர்த்த நாளு. பெரிய ஆளு ஒருத்தரு வந்து திறந்து வைக்கிறாரு. முதல் நோயாளிக்கு அவரு கையாலயே ஆரம்பிக்கணும். வெரசா முடிச்சுக் குடு."

"முடியாது சார். அளவுல சந்தேகம் இருக்கு. பதில் வரணும்."

"கூடுதலா, கொறச்சலா?"

"போன்ல வர்ற எண்ணை நம்புனா கூடுதலாப் போயிரும்."

"கூடுதலாப் போனா நல்லதுதானம்மா. வெள்ளனே குணமாயிரும்."

நான் கதவுப் பக்கம் திரும்பினேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வேலையை விட்டுப் போய்விடுவேன் என்று தோன்றியிருக்க வேண்டும். நான் போனால் அனுமதியும் போய்விடும். அந்த ஒரு நிமிஷம்தான் என் தொழிலுக்கு இந்த நாட்டில் எவ்வளவு மதிப்பு என்று நான் கண்ணால் பார்த்த நிமிஷம்.

"சரி. கதிரு வேண்டாம். மெஷின் சுத்துமில்ல?"

"சுத்தும். திறப்பு விழாவுக்குத் தண்ணீர்த் தொட்டிய வச்சே காட்டலாம் சார். இப்படித்தான் அளக்குறோம்னு சொன்னா ஜனங்களுக்கும் புரியும்."

"தண்ணித் தொட்டிக்குப் பொன்னாடை போத்த முடியுமாம்மா?"



நோயாளியாகப் படுக்க ஒரு ஆளைத் தேடினார்கள். உண்மையான நோயாளியைக் கொண்டுவந்து படுக்கவைத்துச் சும்மா எழுப்பி அனுப்புவது பாவம் என்று சிஸ்டர் சண்டை போட்டார். கடைசியில் கேன்டீன் மாஸ்டர் அகப்பட்டார். பழனி பக்கத்து ஆயக்குடிக்காரர், ரிசார்ட் சமையலில் இருந்த காலத்திலிருந்தே சேர்மனிடம் வேலை பார்ப்பவர், ஐம்பது வயது, ஒல்லி, கன்னம் ஒட்டிப்போன முகம். அவர் போடுகிற காபிக்காகவே ரிசார்ட்டிலிருந்து ஆட்கள் மருத்துவமனைக்கு வருவார்கள். காலைப் பலகாரத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் அவருக்குக் கொஞ்சம் ஓய்வு இருந்தது. "முகத்துல ஒரு நோயாளிக் களை இருக்கு" என்று சேர்மன் பாராட்டினார்.

மாஸ்டருக்கு வருத்தமே இல்லை. "படுத்துக் கெடக்குறதுக்கு என்ன மேடம்? நாள் பூராவும் நின்னுக்கிட்டே கெடக்கேன்" என்றார். உங்கள்மேல் கதிர் எதுவும் படாது, கதிரைத் திறந்துவிடுகிற சாவி என்னிடம்தான் இருக்கும் என்று நான் இரண்டு தடவை சொன்னேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தினார்.

வெள்ளிக்கிழமை பிரமுகர் வந்தார். நல்ல நேரம் முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். அவர் வந்த நேரமே நல்ல நேரம் என்று அய்யர் சொல்லிவிட்டார். தலையில் கட்டி உள்ளவர்களை அசையாமல் படுக்கவைக்க வலை மாதிரி ஒரு பிளாஸ்டிக் முகமூடி செய்வோம். வெந்நீரில் போட்டு இளக்கி, முகத்தின்மேல் அமுக்கினால் அப்படியே அச்சாகப் பதிந்துகொள்ளும். போட்டோவுக்கு எடுப்பாக இருக்கும் என்று சேர்மன் மாஸ்டருக்கும் ஒன்று செய்யச் சொல்லியிருந்தார். மாஸ்டர் அதை மாட்டிக்கொண்டு மெஷினுக்கு அடியில் அமைதியாகப் படுத்திருந்தார். பிரமுகர் அறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நமக்கு ஒண்ணும் ஆயிராதுல்ல?"

ஆகாது என்று எல்லோரும் சொன்னோம். படுத்திருப்பவருக்கு என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. எஞ்சினியர் ஒரு ரிமோட்டைக் கொடுத்துப் பொத்தானைக் காட்டினார். பிரமுகர் அழுத்தினார். மெஷினின் தலை மெதுவாக மாஸ்டரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றது. அறையே கைதட்டியது. காரின் கண்ணாடியை இறக்கி ஏற்றிவிட்டு, கார் ஓட்டியாயிற்று என்று சொல்வது போலத்தான். சாவி என் பையில் இருந்தது.

முகமூடியைக் கழற்றி மாஸ்டரை எழுப்பி உட்காரவைத்தார்கள். கன்னத்தில் வலையின் தடம் கட்டம் கட்டமாகப் பதிந்திருந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது. பிரமுகர் பொன்னாடை போர்த்தி, ஆப்பிள் கூடையைக் கையில் கொடுத்தார்.

"எத்தன வருசமா இருக்கு?" என்று கேட்டார்.

தன் வேலையைக் கேட்கிறார் என்று மாஸ்டர் நினைத்துவிட்டார். "பதினோரு வருசமா இருக்கேங்கய்யா."

"ரொம்பக் கஷ்டமா?"

"பழகிருச்சுங்கய்யா."

பிரமுகருக்குக் கண் கலங்கிவிட்டது. கேமராப் பக்கம் திரும்பி, பதினோரு வருடமாக நோயோடு போராடும் இந்த மனிதரின் மன உறுதி நமக்கெல்லாம் பாடம் என்று பேசினார். மாஸ்டருக்கு அப்போதுதான் விஷயம் புரிந்து வாயைத் திறந்தார். அதற்குள் நாதஸ்வரம் ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் படத்தோடு செய்தி வந்தது. பேப்பர் ஆயக்குடிக்குப் போவதற்கு முன்பே படம் வாட்ஸ்அப்பில் போய்விட்டது.

பழனியிலிருந்து வருகிற முதல் பஸ்ஸில் மாஸ்டரின் மனைவியும் மைத்துனரும் வந்து இறங்கினார்கள். நான் கேன்டீனில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மாஸ்டர் கல்லில் தோசை ஊற்றிக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்ததும் அந்த அம்மாள் வாசலிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.

"சீக்கு உடம்ப நிக்க வச்சு வேல வாங்குறீகளே, உங்களுக்கு மனசு இல்லையா?"

"ஏ, எனக்கு ஒண்ணும் இல்ல. சும்மா படுக்கச் சொன்னாங்க, படுத்தேன்" என்றார் மாஸ்டர்.

"ஒண்ணும் இல்லன்னுதான் எல்லாருக்கும் சொல்லுவாக. எங்க சித்தப்பாவுக்கும் கடைசி வரைக்கும் அல்சர்னுதான் சொன்னாக."

நான் எழுந்துபோய், அவருக்கு நோய் இல்லை, அது வெறும் விழா என்று சொன்னேன். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க நல்ல மனசு எனக்குத் தெரியுதும்மா. அவருக்குத் தெரிய வேணாம். எங்கிட்ட மட்டும் உண்மையச் சொல்லுங்க" என்றார்.

 நோயாளியிடம் உண்மை சொல்லக் கூடாது என்று எத்தனையோ வருடங்களாக நாமாகவே பழக்கி வைத்திருக்கிறோம். மார்பில் வந்தால் பால் கட்டியிருக்கிறது என்கிறோம், புண் என்கிறோம், வாயுத் தொல்லை என்கிறோம். அதனால் ஒன்றும் இல்லாத ஆளைப் பார்த்து ஒன்றும் இல்லை என்று சொல்வதற்கு இப்போது நம்மிடம் வார்த்தையே மிச்சமில்லை. சொல்லச் சொல்ல நோய் முற்றிக்கொண்டே போனது.

அதற்கும் மேலே ஒரு சிக்கல் இருந்தது. மாஸ்டருடைய மகளுக்கு ஆயக்குடியிலேயே மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் முடிந்திருந்தது. மாப்பிள்ளையின் அப்பா கொய்யா வியாபாரி. படத்தைப் பார்த்த அன்றே, கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பதினோரு வருடமாக மறைத்துவிட்டார்களே என்பதுதான் அவருக்குக் கோபம். பரம்பரையாக வருகிற நோயா என்றும் ஊரில் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மாஸ்டர் என்னைத்தான் தேடி வந்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் சேர்மன் சொன்ன களை இருந்தது.

"எனக்கு நோவு இல்லன்னு ஆஸ்பத்திரியில இருந்து சொல்லிட்டாப் போதும் மேடம்."

நானும் சிஸ்டரும் சேர்மனிடம் போனோம். பேப்பரில் ஒரு விளக்கம் கொடுத்தால் போதும் என்றோம்.

"நடத்துன விழா டிராமான்னு நானே விளம்பரம் குடுக்கவா?" என்றார். "கொஞ்ச நாள்ல மறந்துருவாங்க. வேணும்னா கல்யாணத்துக்கு நம்ம ரிசார்ட் ஹாலச் சும்மாவே தர்றேன்னு சொல்லுங்க."

"கல்யாணம் நின்னா ஹால் எதுக்கு சார்?" என்று சிஸ்டர் கேட்டார். சேர்மன் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அது அடிக்கவில்லை.

கடைசியில் கொய்யா வியாபாரியையே மேலே வரவழைத்தோம். மாஸ்டரும் மைத்துனரும் கூட்டிவந்தார்கள். கனத்த மனிதர், குளிருக்குத் துண்டைத் தலையில் கட்டியிருந்தார். நான் அவரை மெஷின் அறைக்குள் கூட்டிப்போய்த் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினேன். இன்னும் அளவெடுப்பதே முடியவில்லை, எந்த மனிதர்மேலும் இதுவரை கதிர் படவில்லை என்று விளக்கினேன். சாவியைக் காட்டினேன். அவருக்குப் புரிகிற மாதிரி கொய்யாக் கூடையை எடை போடும் தராசு கதையெல்லாம் சொன்னேன். ஒரு மணி நேரம் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரிதாம்மா. நீங்க டாக்டருங்களா?"

"இல்லைங்க. பிசிசிஸ்ட்."

"அப்படின்னா?"

"மெஷின் சரியா இருக்கான்னு பாக்குறவங்க."

"ஓ, மெக்கானிக்கு." துண்டை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டார். "கோவிச்சுக்காதீங்க. மெஷினப் பத்தி நீங்க சொல்றத நம்புறேன். ஆளப் பத்தி டாக்டர்ல சொல்லணும்?"

எங்கள் புற்றுநோய் டாக்டர் வாரத்துக்கு ஒருநாள் மதுரையிலிருந்து வருவார். அன்றைக்கு அவர் வருகிற நாள்தான் என்பதால் வியாபாரியை வாசலுக்குக் கூட்டிப்போய் நின்றோம். போர்ட்டிகோவில் காரை விட்டு இறங்கும்போதே சிஸ்டர் போய் நடந்ததைச் சொல்லிவிட்டார். டாக்டர் நடந்துகொண்டே திரும்பி, "யாரு, நம்ம காபி மாஸ்டரா? அவருக்கு ஒண்ணுமில்லப்பா, கல்லு மாதிரி இருக்காரு" என்று சொல்லிவிட்டு லிப்ட்டுக்குள் போய்விட்டார். மாஸ்டரின் நாடியைக்கூட அவர் அதுவரை பிடித்துப் பார்த்ததில்லை.

வியாபாரி இரண்டு கையையும் கூப்பினார். "இது போதுங்க" என்றார். மாஸ்டரைச் சம்பந்தி என்று கூப்பிட்டார். கீழே போகிற பஸ்ஸில் மூன்று பேரும் ஒன்றாகவே ஏறினார்கள். நான் தண்ணீர்த் தொட்டியை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

கல்யாணம் ஆயக்குடியில்தான் நடந்தது. ரிசார்ட் ஹால் பக்கமே வர மாட்டோம் என்று வியாபாரி சொல்லிவிட்டார். நானும் சிஸ்டரும் போயிருந்தோம். பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த மாஸ்டரை ஆளாளுக்கு நிறுத்தி விசாரித்தார்கள்.

"நல்லாத் தேறிட்டீங்களே. அந்தக் கொடைக்கானல் கரண்டு வச்சதுதானா?"

எங்கள் பக்கத்தில் கதிர்வீச்சு கொடுப்பதைக் கரண்டு வைப்பது என்றுதான் சொல்வார்கள். மாஸ்டர் ஆரம்பத்தில் மறுத்துப் பார்த்தார். பிறகு சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு, "ஆமாங்க" என்று சொல்லிக்கொண்டே நகர ஆரம்பித்தார். அடுத்த மாதம் ஆயக்குடியிலிருந்து இரண்டு பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். பதினோரு வருடத்து நோயே ஒரே சுற்றில் போய்விட்டதாமே என்று கேட்டார்கள். சேர்மன் இதைக் கேள்விப்பட்டு, மாஸ்டரின் படத்தை விளம்பரத் தாளில் போடலாமா என்று யோசித்ததாகவும், சிஸ்டர் அவரைத் தனியாகப் பார்த்து ஏதோ சொன்னதாகவும் காதில் விழுந்தது. படம் வரவில்லை.

அந்த இரண்டு பேர் வருவதற்கு முன்பே, விழாவுக்கு மூன்று வாரம் கழித்து, ஆய்வகத்திலிருந்து பதில் வந்திருந்தது. என் கணக்கு சரி. அடுத்த நாள் எஞ்சினியர் சென்னையிலிருந்து கூப்பிட்டார்.

"மேடம், உங்க மீட்டர் ரிப்பேர் இல்லையாம்."

"தெரியும். வேற மலையில எங்கயாவது மெஷின் போட்டிருக்கீங்களா?"

"இல்ல மேடம். இதான் முதல் மலை."

நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

கையெழுத்துப் போட்டேன். அப்புறம்தான் உண்மையான முதல் நோயாளி வந்தார். கொடைக்கானல் பக்கத்துப் பேத்துப்பாறையிலிருந்து ஒரு அம்மாள்; தோட்டங்களில் தினக்கூலிக்குப் பீன்ஸ் பறிப்பவர். மார்பில் கட்டி எடுத்த ஆபரேஷன் மதுரையில் முடிந்து, கதிர்வீச்சுக்கு மட்டும் இங்கே அனுப்பியிருந்தார்கள். தினமும் மதுரைக்குப் போய்வர அவருக்கு வழியில்லை. மதுரையில் தங்கவும் இடமில்லை. சேர்மன் என்ன காரணத்துக்காக மெஷினை மலைமேல் வைத்தாரோ, அந்த அம்மாளுக்கு அது காலை பஸ்ஸில் வந்து மதியத்துக்குள் வீட்டுக்குப் போகிற தூரத்தில் இருந்தது. இதை நினைத்து எனக்கு அவர்மேல் நல்ல எண்ணம் வந்துவிடுமோ என்று கொஞ்சம் பயந்தேன்.

படுக்கவைத்து, குறி வைத்து, எல்லாம் சரிபார்த்துவிட்டு வெளியே வரும்போது அந்த அம்மாள் என் புடவையைப் பிடித்தார்.

"போட்டோ கீட்டோ எடுத்துற மாட்டீகல்ல? எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்குது."

"எடுக்க மாட்டோம்" என்றேன். "யாரும் எடுக்காம நான் பாத்துக்குறேன்."

கதவு மூடியது. கனத்த சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, டாக்டர் எழுதிய அளவு அப்படியே போய் முடிகிறவரை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிஷம்கூட இருக்காது. யாரும் கைதட்டவில்லை. அந்த அம்மாள் எழுந்து, "அம்புட்டுத்தானா?" என்று கேட்டுவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

ஐந்து வாரம் ஒருநாள் விடாமல் வந்தார். தோல் கொஞ்சம் கறுத்தது, புண்ணாகவில்லை. கடைசி நாள் ஒரு பை நிறையப் பட்டர் பீன்ஸ் கொண்டுவந்து டாக்டருக்கு ஒரு பங்கு, சிஸ்டருக்கு ஒரு பங்கு, காபி கொடுத்த மாஸ்டருக்கு ஒரு பங்கு என்று பிரித்துக் கொடுத்தார். வழியில் என்னைப் பார்த்து நன்றாக இருக்கிறீர்களா என்று விசாரித்தார். அவரைப் பொறுத்தவரை, முதல் நாள் போட்டோ எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டு அதற்கப்புறம் சுவருக்குப் பின்னால் சும்மா உட்கார்ந்திருந்தவள் நான்.

சிஸ்டர் தன் பங்கில் பாதியை எனக்குக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

இப்போது எங்கள் மருத்துவமனையில் இரண்டாவது பிசிசிஸ்ட் சேர்ந்திருக்கிறார். நோயாளிகள் கூடினால் இன்னொருவர் வேண்டும் என்று விதி இருப்பதால் சேர்மன் வேறு வழியில்லாமல் எடுத்தார். ராமநாதபுரத்துப் பெண், குளிர் தாங்காமல் நாள் முழுவதும் கைகளைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். கதவில் பெயர்ப்பலகை மாட்ட வந்த பெயிண்டர் அவளிடம் பெயருக்குக் கீழே என்ன எழுதுவது என்று கேட்டபோது, அவள் என்னைப் பார்த்தாள். பெயரை மட்டும் எழுதச் சொன்னேன்.